வீட்டுக்கு எக்ஸ்டென்ஷன் கட்டலாமா? இங்கிலாந்தின் பிளானிங் விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாரோ, வெம்ப்ளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என்று லண்டனில் தமிழர்கள் அதிகம் வீடு வாங்கிய தெருக்களில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு வீட்டில் சாரம் கட்டியிருக்கும். கூடவே, "இதுக்கெல்லாம் பெர்மிஷன் வேண்டாம்" என்று பில்டர் சொன்ன பேச்சும் தெருவில் உலவும். சில நேரம் அவர் சொல்வது சரி. ஆனால் பின்னால் கவுன்சில் கேள்வி கேட்டால் பதில் சொல்லவேண்டியவர் வீட்டுக்காரர்தான், பில்டர் அல்ல. கீழே உள்ளவை இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி விதிகள் உண்டு.

பிளானிங் பெர்மிஷன் இல்லாமலே எக்ஸ்டென்ஷன் கட்டலாம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. எக்ஸ்டென்ஷன் கட்ட அனுமதி வேண்டும் என்பதில் மாற்றமில்லை. சிறிய வேலைகளுக்கு மட்டும் அந்த அனுமதியை நாடாளுமன்றத்தின் பெயரால் ஓர் ஆணையே முன்கூட்டித் தந்துவிட்டது. 2015-ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணை அது. பெர்மிட்டட் டெவலப்மென்ட், சுருக்கமாக பி.டி., என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பின்கட்டு, லாஃப்ட் (கூரைக்கு அடியிலுள்ள இடம்), போர்ச், தோட்டத்து அறை என ஒவ்வொன்றுக்கும் அதில் தனி வகுப்பும் தனி அளவுகளும் உண்டு.

அந்த அளவுகள் எல்லாவற்றுக்கும் ஒருசேர உட்பட்டால்தான் உரிமை. 3 மீட்டர் என்று சொன்ன இடத்தில் 3.2 மீட்டர் கட்டினால், மிகையான 20 சென்டிமீட்டர் மட்டும் அனுமதியில்லாதது என்று ஆகாது. கட்டிய முழுவதும் அனுமதியற்றதாகிவிடும்.

எல்லா வீட்டுக்கும் இந்த உரிமை உண்டா?

இல்லை. ஃபிளாட்டுக்கும் மேசொனெட்டுக்கும் கிடையாது. கீழ்வீடு, மேல்வீடு என்று இரண்டாகப் பிரித்த பழைய டெரஸ் (வரிசையாக ஒட்டிக் கட்டிய) வீட்டில் கீழ்வீட்டை வாங்கியவர்கள் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். தோட்டம் அவர்களுடையதாகவே இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அது ஃபிளாட்தான். முழு விண்ணப்பம் போடாமல் கட்ட முடியாது. கடையாகவோ அலுவலகமாகவோ இருந்து பி.டி. வழியே குடியிருப்பாக மாறிய கட்டடங்களுக்கும் இந்த உரிமை இல்லை.

புதிய குடியிருப்புகளில் இன்னொரு சிக்கல். அந்த எஸ்டேட்டுக்கு அனுமதி தந்தபோதே, "இனி பி.டி. உரிமை கிடையாது" என்று கவுன்சில் ஒரு நிபந்தனை போட்டிருக்கலாம். 1990-களுக்குப் பிறகு கட்டிய வீடு என்றால், மூல அனுமதிக் கடிதத்தைத் தேடி எடுத்து, நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். கவுன்சில் இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும்.

பழமையைக் காக்கக் குறித்துவைத்த கன்சர்வேஷன் ஏரியாவில் உரிமைகள் சுருங்கும்: பக்கவாட்டு எக்ஸ்டென்ஷனும் லாஃப்ட் டோர்மரும் (கூரைச் சரிவிலிருந்து வெளியே புடைக்கும் ஜன்னல் கட்டு) பி.டி.யில் வராது. அதற்கு மேல் ஆர்ட்டிகிள் 4 ஆணை என்று ஒன்று உண்டு. அதைக் கொண்டு கவுன்சில் ஒரு பகுதியில் குறிப்பிட்ட உரிமைகளை அறவே எடுத்துவிடலாம். ஈலிங்கில் உள்ள பிரெந்தம் கார்டன் சபர்ப் இப்படிப்பட்ட இடம். ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்பில் கவுன்சிலோடு அங்குள்ள டிரஸ்டின் சம்மதமும் வேண்டும். வரலாற்று மதிப்புக்காகப் பட்டியலிட்ட லிஸ்டட் கட்டடமாக இருந்தால் அனுமதியின்றிக் கை வைப்பதே குற்றம். அங்கே பில்டரிடம் பேசுவதற்கு முன் கவுன்சிலிடம் பேசவேண்டும்.

பின்பக்கம் எவ்வளவு தூரம் நீட்டலாம்?

ஒரே தளம் என்றால், டெரஸ் வீட்டுக்கும் செமி (ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய) வீட்டுக்கும் 3 மீட்டர். தனி வீட்டுக்கு 4 மீட்டர். உயரம் 4 மீட்டரைத் தாண்டக்கூடாது. பக்கத்து எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் இறவாரத்தின் உயரம் 3 மீட்டருக்குள் இருக்கவேண்டும். டெரஸிலும் செமியிலும் எப்படியும் எல்லையை ஒட்டித்தான் கட்டுவோம் என்பதால் இந்த 3 மீட்டர்தான் நடைமுறையில் உங்கள் கூரையைத் தீர்மானிக்கும்.

நீளத்தை வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை அளப்பார்கள். உள்ளே 3 மீட்டர் கிடைக்கும் என்று நம்பி கிச்சன் கேபினட்டுக்கு ஆர்டர் கொடுத்தவர்களுக்குச் சுவரின் தடிமன் போக ஏறக்குறைய 2.7 மீட்டர்தான் மிஞ்சும். தரை சரிவாக இருந்தால், கட்டடத்தை ஒட்டிய தரையின் மிக உயர்ந்த இடத்திலிருந்து உயரத்தை அளப்பார்கள்.

இன்னும் சில: வெளிப்பூச்சும் செங்கல்லும் பழைய வீட்டை ஒத்திருக்கவேண்டும், கன்சர்வேட்டரிக்கு (கண்ணாடி அறை) மட்டும் இதில் விலக்கு. பால்கனியோ, 30 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்த மேடையோ கூடாது. வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் கட்டடங்கள் மூடக்கூடாது. தோட்டத்து ஷெட்டும் அந்தக் கணக்கில் சேரும்.

"அசல் வீட்டிலிருந்து" அளக்கவேண்டும் என்கிறார்கள். எது அசல் வீடு?

அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். 1948 ஜூலை 1 அன்று வீடு எப்படி நின்றதோ அதுதான் அசல். அதற்குப் பிறகு கட்டிய வீடு என்றால் முதலில் கட்டி முடித்தபோது இருந்த வடிவம். நீங்கள் வாங்கியபோது இருந்த வடிவத்துக்கு இதில் எந்த மதிப்பும் இல்லை.

ஹாரோவில் 1930-களில் கட்டிய ஒரு செமி வீட்டை வைத்துக்கொள்வோம். முந்தைய உரிமையாளர் 1980-களில் பின்னால் 2 மீட்டர் கிச்சன் ஒன்றை இழுத்துக் கட்டியிருக்கிறார். இப்போது உங்களுக்கு மிச்சம் இருப்பது 1 மீட்டர்தான். பழைய கிச்சனோடு புதிய பகுதி ஒட்டினால் இரண்டையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். பழையதற்குத் தனியாகப் பிளானிங் பெர்மிஷன் வாங்கியிருந்தாலும் கதை மாறாது. மாறாக, 1938-இல் யாரோ சேர்த்த கட்டு என்றால் அது அசல் வீட்டின் பகுதி; உங்கள் 3 மீட்டர் அதன் பின்சுவரிலிருந்து தொடங்கும். எது எப்போது வந்தது என்று தெரியாவிட்டால் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடமும் கவுன்சிலின் பழைய கோப்புகளும் உதவும். அடுத்த வீடும் அதே பில்டர் கட்டியது என்றால், அதன் பின்சுவரே பல நேரம் உண்மையைச் சொல்லிவிடும்.

6 மீட்டர் வரை கட்டலாம் என்று கேள்விப்பட்டேன்.

கட்டலாம், ஆனால் முன் ஒப்புதல் வேண்டும். டெரஸ், செமிக்கு 6 மீட்டர், தனி வீட்டுக்கு 8 மீட்டர். 2013-இல் தற்காலிகமாக வந்த இந்த ஏற்பாட்டை 2019-இல் நிரந்தரமாக்கினார்கள். கன்சர்வேஷன் ஏரியாவில் இது இல்லை.

கவுன்சிலுக்கு வரைபடத்தோடு விவரம் அனுப்பினால், ஒட்டியுள்ள வீடுகளுக்கு அவர்கள் கடிதம் போடுவார்கள். எதிர்ப்புச் சொல்ல அந்த வீட்டாருக்குக் குறைந்தது 21 நாள் அவகாசம். யாரும் எதிர்க்காவிட்டால் கட்டலாம். யாராவது எதிர்த்தால் மட்டுமே, அந்த வீடுகளின் வெளிச்சம், வசதி எந்த அளவு பாதிக்கும் என்று கவுன்சில் ஆராயும். 42 நாளுக்குள் பதில் வராவிட்டால், அனுப்பிய வரைபடத்தின்படியே தொடங்கலாம். அதற்கு முன் அஸ்திவாரம் தோண்டிவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். கட்டணம் 2025 ஏப்ரலில் 240 பவுண்டு ஆனது.

ஒரு சின்ன எச்சரிக்கை: முன் ஒப்புதல் வந்துவிட்டது என்பதால் உயரம், இறவாரம் போன்ற மற்ற அளவுகளும் சரி என்று கவுன்சில் சொன்னதாக ஆகாது.

எங்களுடையது பழைய விக்டோரியன் டெரஸ். பக்கவாட்டில் உள்ள ஒடுங்கிய சந்தினை மூடி, பின்னாலும் நீட்டி ஒரே பெரிய கிச்சனாக்க முடியுமா?

இந்த வீடுகள் "ட" வடிவத்தில் இருக்கும். பிரதான வீட்டுக்குப் பின்னால் ஒடுங்கிய கட்டு ஒன்று நீண்டு, அதற்கும் வேலிக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் சந்து கிடக்கும். அந்தச் சந்தை மட்டும் மூடுவது பக்கவாட்டு எக்ஸ்டென்ஷன். ஒரே தளமாக, அசல் வீட்டின் அகலத்தில் பாதிக்குள், 4 மீட்டர் உயரத்துக்குள் இருக்கவேண்டும். பிரதான வீட்டின் பின்சுவரிலிருந்தும் அது நீள்வதால், 3 மீட்டர் கணக்கு அங்கேயும் வந்து நிற்கும். பின்கட்டின் கடைசிச் சுவரிலிருந்து அதன் அகலத்துக்கு மட்டும் பின்னால் நீட்டுவது இன்னொன்று.

இரண்டையும் சேர்த்து வளைத்துக் கட்டினால் அகலம் பாதியைத் தாண்டிவிடும். அது பி.டி.யில் அடங்காது, முழு விண்ணப்பம்தான். பயப்படவேண்டாம், இத்தகைய விண்ணப்பங்களைக் கவுன்சில்கள் நிறையவே அனுமதிக்கின்றன. "மூணு வீடு தள்ளி அவர்கள் கட்டியிருக்கிறார்களே" என்பது மட்டும் வாதமாகாது. அவர்கள் விண்ணப்பித்து வாங்கியிருக்கலாம்.

மூலை வீட்டுக்காரர்கள் கவனிக்க: பக்கச் சுவர் சாலையைப் பார்த்திருந்தால் அந்தப் பக்கம் பி.டி.யில் ஒரு செங்கல்கூட நகராது.

பின்னால் இரண்டு மாடி?

விதியைப் படித்தால் எளிதாகத் தெரியும்: 3 மீட்டர் வரை நீட்டலாம், பின் எல்லைக்கு 7 மீட்டர் இடைவெளி வேண்டும். ஆனால் எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் இறவாரம் 3 மீட்டரைத் தாண்டக்கூடாது என்றோமே, அது இங்கேயும் பொருந்தும். 5 மீட்டர் அகல டெரஸில் இரு பக்கமும் 2 மீட்டர் விட்டால் நடுவே 1 மீட்டர்தான் மிஞ்சும். ஆகவே டெரஸ் வீட்டுக்கு இது ஏட்டில் மட்டுமே உள்ள உரிமை. முழு விண்ணப்பம் போடுங்கள். அப்போது பல கவுன்சில்கள் 45 டிகிரி கணக்கைப் பார்க்கும்: பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து 45 டிகிரியில் ஒரு கோடு இழுத்து, உங்கள் சுவர் அதை வெட்டுகிறதா என்று.

லாஃப்டில் அறை கட்ட என்ன அளவு?

கூரைக்குக் கூடுதலாகச் சேரும் கனஅளவைத்தான் சட்டம் பார்க்கிறது: டெரஸுக்கு 40 கன மீட்டர், செமிக்கும் தனி வீட்டுக்கும் 50. இப்போது கூரைக்குள் இருக்கும் இடம் இந்தக் கணக்கில் வராது. புதிதாக வெளியே புடைக்கும் பகுதி மட்டும்தான். முன்பு யாராவது டோர்மர் வைத்திருந்தால் அதையும் கழிக்கவேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பின்பக்க டோர்மர் பக்கவாட்டில் பார்த்தால் ஏறக்குறைய முக்கோணம். உயரம் 2.2 மீட்டர், ஆழம் 3.8 மீட்டர், அகலம் 5 மீட்டர் என்றால், பெருக்கிப் பாதியாக்க 20.9 கன மீட்டர். டெரஸுக்கு இன்னும் 19 மிச்சம். பின்கட்டின் மேலும் ஒரு டோர்மர் எழுப்பி "ட" வடிவில் சேர்க்கிறார்களே, அதற்கு இந்த மிச்சம்தான் இடம் கொடுக்கிறது. செமி வீட்டில் பக்கச் சரிவை நிமிர்த்திச் சுவராக்கினால் அதற்கும் ஒரு கணக்கு: வீட்டின் ஆழம் 7.5, கூரை உயரம் 3, சரிவின் நீளம் 3.75 என்றால் மூன்றையும் பெருக்கி ஆறால் வகுக்க, 14 கன மீட்டர். அதே உயரமும் ஆழமும் கொண்ட 6.5 மீட்டர் அகல டோர்மர் இன்னொரு 27. மொத்தம் 41, அதாவது 50-க்குள்.

சாலையைப் பார்க்கும் முன்கூரையில் டோர்மர் கூடாது. முகட்டுக்கு மேல் போகக்கூடாது. டோர்மரின் முகம் இறவாரத்திலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் பின்வாங்கியிருக்கவேண்டும். பக்கவாட்டு ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி. அறைத் தரையிலிருந்து 1.7 மீட்டருக்குக் கீழே திறக்கக்கூடாது. வெறும் கூரை ஜன்னல் மட்டும் என்றால், 15 சென்டிமீட்டருக்கு மேல் துருத்தாத வரை தொல்லையில்லை.

தோட்டத்தில் ஓர் அறை கட்டி ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைத் தங்கவைக்கலாமா?

அறை கட்டலாம். தங்கவைக்க முடியாது. தோட்டத்துக் கட்டடம் வீட்டுக்குத் துணையான பயன்பாட்டுக்கு மட்டும்: உடற்பயிற்சி, படிப்பு, சாமான் அறை, பிள்ளைகள் மிருதங்கம் பழக ஓர் இடம். சாமி அறை வைத்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. கட்டில் போட்டுத் தூங்குவதும் அடுப்பு வைத்துத் தனிக் குடித்தனம் நடத்துவதும் துணைப் பயன்பாடு அல்ல, அதற்குப் பிளானிங் பெர்மிஷன் வேண்டும். வாடகைக்கு விட்டால் நிலைமை மோசமாகும். ஸ்லவ் கவுன்சில் 2013-இல் விமானத்தில் வெப்பக் கேமரா ஏற்றிப் பறக்கவிட்டு, ஆள் குடியிருக்கும் ஷெட்டுகளைத் தேடியது. குளிர்காலத்தில் சூடாக இருக்கும் ஷெட்டை மறைக்க முடியாது.

அளவு: ஒரே தளம், இரட்டைச் சரிவுக் கூரைக்கு 4 மீட்டர், மற்றவற்றுக்கு 3. எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் கட்டினால் முழு உயரமும் 2.5 மீட்டருக்குள். லண்டன் தோட்டங்களில் வேறு இடம் ஏது, அதனால்தான் எல்லா ஷெட்டும் தட்டைக் கூரையோடு ஒரே உயரத்தில் நிற்கிறது.

எல்லாம் அளவுக்குள் இருக்கிறது. அப்படியும் கவுன்சிலிடம் எதற்குப் போகவேண்டும்?

போகவேண்டிய கட்டாயமில்லை. ஆனாலும் போகச் சொல்வேன். பி.டி.யில் கட்டினால் கையில் ஒரு காகிதமும் இருக்காது. பத்து வருடம் கழித்து விற்கும்போது, வாங்குபவரின் சொலிசிட்டர் "எந்த அனுமதியில் கட்டினீர்கள்?" என்று கேட்பார். அன்றைக்குப் பில்டரின் போன் நம்பர்கூட வேலை செய்யாது. அதற்குத்தான் லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட். கட்டுவதற்கு முன் வாங்கினால் கட்டணம் முழு விண்ணப்பத்தில் பாதி. வீட்டு எக்ஸ்டென்ஷன் விண்ணப்பக் கட்டணம் 258 பவுண்டிலிருந்து 2025 ஏப்ரல் 1-இல் 528 ஆனது, சர்டிஃபிகேட்டுக்கு 264. ஆண்டுதோறும் ஏப்ரலில் உயர்த்துகிறார்கள், விண்ணப்பிக்கும் நாளில் சரிபாருங்கள்.

இந்தச் சர்டிஃபிகேட்டில் கவுன்சில் அழகு பார்ப்பதில்லை, அக்கம்பக்கத்தார் விருப்பமும் பார்ப்பதில்லை. அளவு சட்டத்துக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் கொடுத்தே ஆகவேண்டும். பல ஆயிரம் பவுண்டு செலவழித்துக் கட்டுபவர் இந்தச் சிறு கட்டணத்தை மிச்சம் பிடிப்பது எனக்குப் புரிவதேயில்லை.

பிளானிங் வேண்டாம் என்றால் பில்டிங் ரெகுலேஷனும் வேண்டாம்தானே?

இரண்டும் வேறு வேறு. எங்கே, எவ்வளவு கட்டலாம் என்பது பிளானிங். கட்டியது இடிந்து விழாமல், தீப்பிடித்தால் தப்பிக்க வழியோடு இருக்கிறதா என்பது பில்டிங் ரெகுலேஷன். எக்ஸ்டென்ஷனுக்கும் லாஃப்டுக்கும் பின்னது எப்போதும் வேண்டும். அஸ்திவாரக் குழியைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருவார். அவர் பார்ப்பதற்கு முன் கான்கிரீட் ஊற்றினால் மறுபடி தோண்டச் சொல்லலாம். இரண்டு மாடி வீட்டின் லாஃப்டில் அறை போட்டால் வீடு மூன்று மாடியாகிறது. மாடிப்படி வழியே வெளியேறும் பாதை முழுக்கத் தீத்தடுப்புக் கதவுகளும் மின்இணைப்போடு கூடிய புகை அலாரங்களும் கேட்பார்கள். கடைசியில் கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் கைக்கு வராமல் பில்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

அந்த இடத்தில் பொதுச் சாக்கடைக் குழாய் ஓடினால், அதிலிருந்து 3 மீட்டருக்குள் கட்டத் தண்ணீர் நிறுவனத்தின் சம்மதமும் தேவை. லண்டனில் அது தேம்ஸ் வாட்டர்.

பக்கத்து வீட்டுக்காரர் "பார்ட்டி வால்" என்கிறார். அவரால் தடுக்க முடியுமா?

1996-ஆம் ஆண்டின் பார்ட்டி வால் (இரு வீட்டுக்கும் பொதுவான சுவர்) சட்டம் வேலையைத் தடுக்க வந்ததல்ல, அது எப்படி நடக்கவேண்டும் என்று சொல்வது. லாஃப்டுக்காகப் பொதுச் சுவரில் இரும்பு உத்திரம் செருகுவது போன்ற வேலைக்கு இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் தரவேண்டும். அவர் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அவருடைய அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால் ஒரு மாதம் முன்பு. 14 நாளுக்குள் அவர் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் தகராறு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு சர்வேயர்கள் வருவார்கள். அவருடைய சர்வேயருக்கும் பெரும்பாலும் நீங்கள்தான் பணம் கட்டவேண்டும்.

நோட்டீஸை நீங்களே எழுதலாம். மாதிரிக் கடிதம் அரசின் விளக்கப் புத்தகத்தில் உண்டு. ஆனால் தபாலில் முதலில் அது போய் விழுந்தால் யாருக்கும் கோபம் வரும். வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போய், எது எங்கே வருகிறது என்று காட்டிவிட்டு, அதன் பிறகு கொடுங்கள்.

சொல்லாமல் கட்டிவிட்டு நாலு வருடம் ஓட்டினால் சரியாகிவிடும் என்கிறார்களே?

அந்தக் காலம் போய்விட்டது. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 25 முதல் கெடு 10 வருடம். அந்தத் தேதிக்கு முன்பே பெரும்பாலும் கட்டி முடித்தவற்றுக்குத்தான் பழைய 4 வருடம் செல்லும். ஒளித்து வைத்திருந்தால் அதுவும் செல்லாது. சரே மாவட்டத்து விவசாயி ராபர்ட் ஃபிட்லர் ஒரு கோட்டை போன்ற வீட்டைக் கட்டி 2002 முதல் 2006 வரை வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் மறைத்துவைத்தார். நாலு வருடம் ஆகிவிட்டது என்று பிறகு வாதாடிப் பார்த்தார். நீதிமன்றம் ஏற்கவில்லை, 2016-இல் இடித்தார்.

சாதாரண வீட்டை அனுமதியின்றிக் கட்டுவது நேரடியாகக் குற்றமல்ல. இடிக்கச் சொல்லும் என்ஃபோர்ஸ்மென்ட் நோட்டீஸை மதிக்காமல் விடுவதுதான் குற்றம், அதற்கு அபராதத்தில் உச்சவரம்பு கிடையாது. அந்த நிலைக்குப் போகுமுன், கட்டிய பிறகும் விண்ணப்பம் போட வழி உண்டு. விதியை நூலிழையில் மீறிய எக்ஸ்டென்ஷன்கள் அப்படி அனுமதி பெறுவது உண்டு.

முன் தோட்டத்தை மூடி கார் நிறுத்தலாமா?

5 சதுர மீட்டருக்கு மேல் தளம் போட்டால், மழைநீர் உள்ளே இறங்கும் பொருளாக இருக்கவேண்டும், அல்லது நீர் உங்கள் தோட்டத்திலேயே வடியவேண்டும். நடைபாதை ஓரத்தைத் தாழ்த்த வேறு விண்ணப்பம் உண்டு. அதை முதலில் போடுங்கள். தளம் போட்ட பிறகு அது கிடைக்காவிட்டால் கார் சாலையில்தான் நிற்கும்.

ஏற்கெனவே எக்ஸ்டென்ஷன் உள்ள வீட்டை வாங்கப்போகிறேன். எதைக் கேட்கவேண்டும்?

மூன்று காகிதங்கள்: பிளானிங் பெர்மிஷன் அல்லது லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட், பில்டிங் கண்ட்ரோலின் கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட், பார்ட்டி வால் ஒப்பந்தம் நடந்திருந்தால் அது. இல்லை என்றால் விற்பவர் தரப்பு "இண்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் எடுத்துத் தருகிறோம்" என்று சொல்லும். அது நடவடிக்கை வந்தால் பணம் தரும். ஒழுகும் கூரையையோ உத்திரமில்லாமல் இடித்த சுவரையோ சரிசெய்யாது. இன்ஷூரன்ஸ் பற்றிப் பேச்சு நடக்கும்போது நீங்களாகக் கவுன்சிலுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டால் பல நிறுவனங்கள் பாலிசியே தர மறுக்கும், ஆகவே சொலிசிட்டரைக் கேட்காமல் போனை எடுக்காதீர்கள். அதே வாரத்தில் ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரை அனுப்பி லாஃப்டையும் பின்கட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் அறிக்கையை வைத்து விலை பேசலாம்.